எது குறைகிறதோ அதைக் கொடுப்போம்



தம் வீட்டில் ஒருவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த குடும்பம் ஏற்படுத்திய சொற்பொழிவு இது. அவர்கள் முன்னால் நிற்கும்போது, நோயாளி மயக்கத்தில் இருக்கும் நேரத்தில் அவருக்காக எடுக்கப்படும் முடிவுகளைப் பற்றிப் பேசுவதே முறை என்று எனக்குத் தோன்றியது. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீண்ட புற்றுநோய் அறுவையின்போது இரத்தம் எப்படி உறைகிறது என்பதை அவ்வப்போது அளந்து, அந்த அளவைப் பார்த்து இரத்தப் பொருள்களை ஏற்றுவதே அது. நான் மயக்க மருத்துவத் துறையைச் சேர்ந்தவன். அறுவை மருத்துவர் கத்தியோடு நிற்கும் பக்கத்தில் அல்ல, திரைக்கு இந்தப் பக்கம், நோயாளியின் தலைமாட்டில் நிற்பவன். இரத்தப் பையைத் தொங்கவிடுவதா வேண்டாமா என்ற முடிவு பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான் எடுக்கப்படுகிறது.

அறுவை அரங்கில் இருந்தவர்களுக்கு ஒரு சொல் பழக்கமாக இருக்கும். “கொஞ்சம் ஊஸிங் இருக்கு” என்பார் அறுவை மருத்துவர். ஓர் இரத்தக் குழாய் அறுபட்டுப் பீறிட்டால் அதைப் பிடித்துக் கட்டிவிடலாம். வெட்டிய பரப்பு முழுவதும் முத்து முத்தாகத் துளிர்த்து, துடைக்கத் துடைக்க மறுபடி துளிர்த்தால் கட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அப்போது எழும் வழக்கமான ஆணை: “நாலு எஃப்.எஃப்.பி. சொல்லிடுங்க, நாலு பிளேட்லெட்டும் சேர்த்து.” எஃப்.எஃப்.பி. என்பது உறையவைத்துச் சேமித்த பிளாஸ்மா. இந்த நாலு எங்கிருந்து வந்தது? நோயாளியின் உடலில் எது குறைந்திருக்கிறது என்று பார்த்த பிறகு வந்த எண் அல்ல அது. பழக்கத்தில் வந்த எண். அந்த எண்ணைக் கேள்வி கேட்பதற்கே இன்று வந்திருக்கிறேன்.

எல்லாப் புற்றுநோய் அறுவையிலும் இந்தச் சிக்கல் வருவதில்லை. மார்பகக் கட்டியை அகற்றும்போது பெரும்பாலும் ஒரு பை இரத்தமும் தேவைப்படாது. கல்லீரலின் பாதியை வெட்டி எடுக்கும்போதும், இடுப்பெலும்புக் குழியில் பரவிய கட்டியை அகற்றும்போதும், வயிற்றின் உள்ளுறை முழுவதும் பரவிய நோயை உரித்தெடுக்கும்போதும் நிலைமை வேறு. கடைசியாகச் சொன்னதையே நான் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். சூடோமிக்சோமா பெரிட்டோனி என்று ஒரு நோய். பெரும்பாலும் குடல்வாலில் தொடங்கி, வயிறு முழுவதையும் கூழ் போன்ற பொருளால் நிரப்பிவிடும். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஓரிருவருக்கு வரக்கூடிய அரிய நோய். இதற்கான அறுவையை அமெரிக்காவின் பால் சுகர்பேக்கர் முறைப்படுத்தினார். கண்ணுக்குத் தெரியும் கட்டியையெல்லாம் உள்ளுறையோடு உரித்தெடுத்துவிட்டு, 41 முதல் 43 டிகிரி வரை சூடாக்கிய புற்றுநோய் மருந்தை ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ வயிற்றுக்குள் சுற்றவிடுவார்கள். ஹைபெக் என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஆகும். சூலகப் புற்றுநோயிலும் பெருங்குடல் புற்றுநோயிலும் தேர்ந்தெடுத்த சிலருக்கு இதைச் செய்கிறார்கள்.

அந்த மணி நேரங்களில் இரத்தத்துக்கு என்ன நேர்கிறது என்று பாருங்கள். திறந்த வயிற்றிலிருந்து வெப்பம் வெளியேறி உடல் குளிர்கிறது. பிறகு சூடான மருந்து சுற்றும்போது காய்ச்சல் கண்டவர் போல உடல் சூடாகிறது. உரித்த பரப்பிலிருந்து புரதம் நிறைந்த நீர் ஓயாமல் வழிகிறது. இழந்ததை ஈடுகட்ட நாம் சலைனும் ரிங்கர் லாக்டேட்டும் விடுகிறோம். அவற்றில் உறைவுப் புரதமும் இல்லை, பிளேட்லெட்டும் இல்லை, எனவே மீதியிருப்பதும் நீர்த்துப்போகிறது. சிவப்பணுப் பையிலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் இல்லாமல் உறைதல் நடக்காது. ஒரே நேரத்தில் இத்தனையும் நடக்கின்றன. இவற்றில் எது முந்தியது, எது கசிவுக்குக் காரணம் என்பதை வெறும் கண்ணால் சொல்ல முடியாது.

அதற்குத்தான் சோதனைகள் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. புரோத்ராம்பின் நேரம் என்ற பி.டி. சோதனையை ஆர்மண்ட் குவிக் 1935இல் விவரித்தார். அதிலிருந்து கணக்கிடுவதே ஐ.என்.ஆர். உறைதலைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடும் நோயாளிக்கு அளவை ஏற்றுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய அது அருமையான சோதனை, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அதைச் செய்யும் விதத்தை நினைத்துப் பாருங்கள். இரத்தத்தைச் சுழற்றிச் சிவப்பணுக்களையும் பிளேட்லெட்டுகளையும் அப்புறப்படுத்திவிட்டு, மேலே நிற்கும் மஞ்சள் பிளாஸ்மாவை மட்டும் எடுத்து, ஒரு தூண்டுபொருளும் கால்சியமும் சேர்த்து, முதல் இழை தோன்ற எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கிறோம். அந்த நொடியோடு சோதனை முடிந்துவிடுகிறது. தோன்றிய உறைவு கெட்டியாகிறதா, பிளேட்லெட்டுகள் அதை இறுக்குகின்றனவா, அரை மணியில் கரைந்துபோகிறதா என்ற கேள்விகளுக்கு அதில் இடமில்லை. அறுவையில் இரத்தம் கசியுமா என்பதோ இந்தக் கேள்விகளைப் பொறுத்தது. தாமதம் வேறு. சாம்பிள் லேபுக்குப் போய், சுழன்று, அளந்து, முடிவு திரும்பி வர முக்கால் மணியும் ஆகலாம், ஒரு மணியும் ஆகலாம். அதற்குள் நோயாளியின் இரத்தம் வேறொன்றாக மாறியிருக்கும்.

முழு இரத்தத்தைப் பக்கத்திலேயே வைத்துப் பார்ப்பது நம் ஊர் மருத்துவர்களுக்குப் புதிதல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணிபுரிந்த எவரையும் கேளுங்கள். கண்ணாடி விரியன் கடித்தவர் வந்தால் இரண்டு மில்லி இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் இருபது நிமிடம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறைந்திருந்தால் நின்றுவிடும். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து தேவை. குழாயைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருந்தால் முடிவு தவறிவிடும் என்பதுகூட அனுபவமுள்ள செவிலியருக்குத் தெரியும். மின்சாரமும் இயந்திரமும் வேண்டாத அந்தச் சோதனை எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. உறையுமா உறையாதா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் அது விடை தரும். உறைவின் இழைகளாக மாறும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் ஏறக்குறையத் தீர்ந்துபோன பிறகே ‘உறையவில்லை’ என்று காட்டும். பெரிய அறுவையில் அதுவரை காத்திருக்க முடியாது.

அப்படி இரத்தம் உறையும்போது நடப்பதைக் கணத்துக்குக் கணம் வரைந்து காட்ட முடியுமா என்று ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் ஹெல்முட் ஹார்ட்டர்ட் யோசித்தார். 1948இல் வெளியிட்ட அவருடைய கருவியின் தத்துவத்தில்தான் கிண்ணமும் ஊசியும் கொண்ட டி.இ.ஜி. கருவி இயங்குகிறது. மாணவர்கள் அதைத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விரல் நுனியளவு சிறிய கிண்ணம். அதில் 0.36 மில்லி இரத்தம், 37 டிகிரி சூட்டில். மெல்லிய கம்பியிலிருந்து ஓர் ஊசி அந்த இரத்தத்துக்குள் தொங்குகிறது. கிண்ணம் ஐந்து டிகிரிக்கும் சற்றுக் குறைவான கோணத்தில் இப்படியும் அப்படியும் மெல்லத் திரும்புகிறது. ஒரு சுற்றுக்குப் பத்து நொடி. இரத்தம் நீராக இருக்கும்வரை கிண்ணம் திரும்பினாலும் ஊசி அசையாது. திரையில் ஒற்றைக் கோடு நேராக ஓடுகிறது. முதல் இழைகள் கிண்ணத்தையும் ஊசியையும் இணைக்கத் தொடங்கியதும் ஊசியும் கூடவே திரும்புகிறது. கோடு இரண்டாகப் பிரிகிறது. உறைவு இறுக இறுகப் பிரிவு அகலமாகிறது. உறைவு கரைந்தால் இரு கோடுகளும் மீண்டும் நெருங்கிவருகின்றன. முழுப் படமும் பக்கவாட்டில் கிடத்திய நீண்ட கழுத்துக் குடுவை போல இருக்கும்.

அந்தப் படத்தில் கழுத்து நீளமாக இருந்தால் உறைதல் தொடங்கவே தாமதம். உறைவுக் காரணிகள் குறைவு, அல்லது உறைதலைத் தடுக்கும் ஹெபாரின் கலந்திருக்கிறது. குடுவையின் வயிறு ஒல்லியாக இருந்தால் உறைவு பலவீனம். பிளேட்லெட்டோ ஃபைப்ரினோஜனோ போதவில்லை. அகன்றது விரைவில் குறுகினால் உறைவு கரைகிறது. கரைவதைத் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை நினைக்க வேண்டிய இடம் அது. ரோட்டெம் என்ற இன்னொரு கருவியில் கிண்ணம் நிற்க, ஊசி திரும்புகிறது. புதிதாக வரும் கருவிகளில் கிண்ணமும் இல்லை ஊசியும் இல்லை, இரத்தத்தை ஒரு கார்ட்ரிட்ஜில் விட்டால் போதும். படிக்கும் முறை மட்டும் ஏறக்குறைய ஒன்றே.

கருவி பிறந்து பல ஆண்டுகள் ஆராய்ச்சிக் கூடத்திலேயே கிடந்தது. அதை அறுவை அரங்குக்குள் கொண்டுவந்ததில் பெரும் பங்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்துக்கு உண்டு. தாமஸ் ஸ்டார்ஸல் அங்கே கல்லீரல் மாற்று அறுவைகளை நடத்திய காலத்தில், மயக்க மருத்துவர் யூ கூ காங்கும் அவருடைய குழுவினரும் டி.இ.ஜி. படத்தைப் பார்த்து இரத்தப் பொருள்களைத் தேர்ந்தெடுத்த அனுபவத்தை 1985இல் வெளியிட்டார்கள். கல்லீரல் மாற்று அறுவையில் கற்ற இந்தப் பாடமே இதய அறுவைக்கும் விபத்துச் சிகிச்சைக்கும் பரவி, புற்றுநோய் அறுவைக்கும் வந்து சேர்ந்தது.

இப்போது ஃபைப்ரினோஜனுக்கு வருகிறேன். இன்று நீங்கள் ஒரே ஒரு பொருளின் பெயரை மட்டும் நினைவில் கொண்டு போவதானால் அது இதுவாக இருக்கட்டும். இரத்த இழப்பின்போது ஆபத்தான அளவுக்கு முதலில் இறங்குவது பெரும்பாலும் இதுதான். பிளேட்லெட்டும் மற்றக் காரணிகளும் அதற்குப் பிறகே வருகின்றன. இயல்பில் லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் இருக்கும். ஒரு நோயாளிக்கு 1 கிராமாக இறங்கிவிட்டது என்று வையுங்கள். அவர் உடலில் 3 லிட்டர் பிளாஸ்மா. நாம் வழக்கப்படி எஃப்.எஃப்.பி. ஒரு லிட்டர் ஏற்றுகிறோம். கொடையாளியின் பிளாஸ்மாவிலேயே லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம்தான் உண்டு. ஆக மொத்தம் 5 கிராம், 4 லிட்டரில். லிட்டருக்கு 1.25. ஒரு லிட்டர் நீர்மத்தை இதயத்தின் மேல் சுமத்தி நாம் பெற்றது லிட்டருக்குக் கால் கிராம். அதற்குப் பதிலாகப் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த கிரையோபிரெசிபிடேட், சுருக்கமாகக் கிரையோ, பத்துப் பைகளை எடுங்கள். மொத்தம் 200 மில்லிக்குள் ஏறக்குறைய 2 கிராம் ஃபைப்ரினோஜன். கணக்கு லிட்டருக்கு ஒன்றரைக் கிராமுக்கு மேல் போய்விடுகிறது. இதில் உடல் பயன்படுத்தித் தீர்க்கும் அளவைச் சேர்க்கவில்லை, அது உண்மைதான். ஆனாலும் எந்தப் பை எதற்கு என்பது இந்தச் சிறு கணக்கிலேயே தெரிகிறது. கிரையோவைப் பிரித்தெடுக்கும் எளிய வழியை 1964இல் கண்டவர் ஸ்டான்ஃபோர்டின் ஜூடித் பூல். அவர் நினைத்தது ஹீமோஃபீலியா நோயாளிகளை. அந்தக் கொடை இன்று புற்றுநோய் அறுவை அரங்கிலும் பயன்படுகிறது.

பலவீனமான உறைவுக்குக் காரணம் ஃபைப்ரினோஜனா, பிளேட்லெட்டா? ரோட்டெமில் இதைப் பிரித்தறிய ஓர் அழகான வழி உண்டு. ஒரே இரத்தத்தை இரண்டு கிண்ணங்களில் ஓடவிடுவார்கள். இரண்டாவதில் சைட்டோகலேசின் என்ற, பூஞ்சையிலிருந்து கிடைக்கும் பொருளைச் சேர்த்துப் பிளேட்லெட்டுகளை முடக்கிவிடுவார்கள். அதில் எழும் உறைவு முழுவதும் ஃபைப்ரினோஜனின் வேலை. அந்தக் கோடு ஒல்லியாக இருந்தால் கிரையோ. அது நன்றாக இருந்து முதல் கிண்ணம் மட்டும் ஒல்லியாக இருந்தால் பிளேட்லெட். பத்து, பதினைந்து நிமிடங்களில் தெரிந்துவிடும்.

இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரில் சூடோமிக்சோமாவுக்கென்றே தேசிய சிகிச்சை மையம் இருக்கிறது. அங்கே அந்த அறுவைக்கு வந்தவர்களிடம் ஃபோர்மா-05 என்ற ஆய்வை நடத்தி 2020இல் வெளியிட்டார்கள். பெரும் இரத்த இழப்பை எதிர்பார்த்த 45 நோயாளிகளைச் சீட்டுப்போட்டதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கிரையோவும் மறு பிரிவுக்குத் தூள் வடிவில் வரும் ஃபைப்ரினோஜன் செறிவும் கொடுத்தார்கள். மேற்கொண்டு தேவையா என்பதை ரோட்டெமைப் பார்த்து முடிவு செய்தார்கள். கசிவைக் கட்டுப்படுத்துவதில் செறிவு கிரையோவுக்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. உருக்க வேண்டிய தேவை இல்லாததால் அதை முன்னதாகவே கொடுக்கவும் முடிந்தது. இரத்தக்கட்டிச் சிக்கல்கள் கிரையோ பிரிவில் ஏழு நேர்ந்தன, மறு பிரிவில் ஒன்றுமில்லை. 45 பேரை வைத்து அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் துணியமாட்டேன். செறிவின் விலையோ நம் பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு எட்டாதது. ஆனால் இத்தகைய அறுவையில் ஃபைப்ரினோஜனை முன்கூட்டியே, அளந்து, தனியாகக் கவனிக்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

இரத்தக்கட்டி என்றேன். புற்றுநோயாளியின் இரத்தத்துக்கு இரண்டு முகம். பாரிஸின் புகழ்பெற்ற மருத்துவர் ஆர்மண்ட் ட்ரூஸோ, காரணமின்றிக் கால் சிரைகளில் இரத்தம் உறைந்தால் உள்ளே புற்றுநோய் இருக்கிறதா என்று தேடுங்கள் என 1865இல் கற்பித்தார். 1867இல் தன் உடலிலேயே அந்த அறிகுறியைக் கண்டு, தனக்குப் புற்றுநோய் என்று அறிந்துகொண்டார். அந்த ஆண்டே இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். கட்டியின் செல்கள் உறைதலைத் தூண்டும் பொருளை வெளியிடுகின்றன என்பதை இன்று அறிவோம். அறுவை மேசையில் கசியும் அதே நோயாளி, இரண்டு நாள் கழித்து நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்து இறக்கக்கூடும். தேவையில்லாமல் உறைவுப் பொருளை ஏற்றுவது இவரிடம் சும்மா போகாது.

கல்லீரல் அறுவையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். கல்லீரலின் பெரும்பகுதியை எடுத்தவருக்கு அடுத்தடுத்த நாட்களில் ஐ.என்.ஆர். உயரும். உறைவுக் காரணிகளைச் செய்யும் உறுப்பு சுருங்கிவிட்டதே. ஆனால் உறைதலைத் தடுக்கும் புரதங்களையும் அதே கல்லீரல்தான் செய்கிறது, அவையும் சேர்ந்தே குறைகின்றன. ஐ.என்.ஆர். முதல் பக்கத்தை மட்டும் பார்க்கும். அத்தகைய ஒருவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் ஐ.என்.ஆர். 1.8. முதுகில் வலிநிவாரணத்துக்காக வைத்த எபிடியூரல் குழாயை எடுக்க வேண்டும். வார்டிலிருந்து இளம் மருத்துவர் தொலைபேசியில், “சார், நாலு எஃப்.எஃப்.பி. போட்டு கரெக்ட் பண்ணிட்டு எடுத்துடலாமா?” என்றார். டி.இ.ஜி. ஓட்டிப் பார்த்தோம். கழுத்து இயல்பு, வயிறு இயல்பைவிடச் சற்று அகலம். இரத்தம் உறையத் தயங்கவில்லை, முந்திக்கொண்டிருந்தது. பிளாஸ்மா ஏற்றவில்லை. குழாயை எடுக்கும் அவசரத்தையும் விட்டோம். கல்லீரல் வளர வளர ஐ.என்.ஆர். தானே இறங்கியது, அதன் பிறகு குழாயை எடுத்தோம். இந்தக் கருவி எனக்குச் செய்த பெரிய உதவிகளில் பாதி இப்படி ‘வேண்டாம்’ என்று சொன்னதுதான்.

வேண்டாத இரத்தத்தைத் தவிர்ப்பதில் புற்றுநோயாளிக்குத் தனி அக்கறை உண்டு. பிறர் இரத்தம் உடலின் எதிர்ப்பாற்றலைச் சற்றே தணிக்கிறது. பெருங்குடல் புற்றுநோய் அறுவையில் இரத்தம் ஏற்றப்பட்டவர்களுக்கு நோய் திரும்ப வரும் வாய்ப்பு அதிகமாக இருந்ததை 36 ஆய்வுகளைத் தொகுத்த 2006 கொக்ரேன் மதிப்பாய்வு காட்டியது. இரத்தம்தான் காரணமா, இரத்தம் தேவைப்படும் அளவுக்கு நோய் முற்றியிருந்ததுதான் காரணமா என்பதை அந்த ஆய்வுகளால் பிரிக்க முடியவில்லை. அதனால் இரத்தம் தேவைப்படும்போது தயங்கக் கூடாது. உயிர் முதலில். பிளாஸ்மாவைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமே இல்லாத ஆபத்துகள் வேறு உண்டு: நீர்மச் சுமையால் நுரையீரலில் நீர் கோப்பதும், கொடையாளியின் எதிர்ப்பொருள்களால் நுரையீரல் பாதிக்கப்படுவதும்.

கருவியைத் தெய்வமாக்கவும் நான் வரவில்லை. 17 ஆய்வுகளில் 1,493 பேரைச் சேர்த்த 2016 கொக்ரேன் மதிப்பாய்வு, இந்த முறையால் இரத்தப் பொருள்களின் பயன்பாடு குறையக்கூடும் என்றது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இதய அறுவைகள், சான்றின் தரமும் குறைவு. புற்றுநோய் அறுவைக்கென்று பெரிய ஆய்வுகள் இன்னும் தேவை. ஊகம் எவ்வளவு எளிதில் பொய்க்கும் என்பதற்கு டிரானெக்ஸாமிக் அமிலமே சாட்சி. விபத்திலும் பிரசவத்திலும் பேர்பெற்ற மருந்து. கல்லீரல் அறுவையில் அதைப் போலி மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்த ஹெலிக்ஸ் ஆய்வில் பங்கேற்றவர்கள் புற்றுநோய் தொடர்பான அறுவைக்கு வந்தவர்கள். 2024இல் முடிவு வந்தது. 1,245 பேரில் மருந்து பெற்றவர்களுக்கு இரத்தத் தேவை குறையவில்லை, சிக்கல்கள் கூடியிருந்தன. உறைவு கரைகிறதா என்று பார்க்காமல் கரைவதைத் தடுக்கும் மருந்தை எல்லோருக்கும் கொடுக்கும் பழக்கத்தை நான் விட்டதற்கு இது ஒரு காரணம்.

கருவிக்குத் தெரியாதவையும் உண்டு. ஆஸ்பிரின் போட்டவரின் பிளேட்லெட் குறையை வழக்கமான ஓட்டம் காட்டாது. வான் வில்லபிராண்ட் என்ற உறைவுப் புரதத்தின் குறையும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிண்ணம் வழக்கமாக 37 டிகிரியில் இருக்கிறது. நோயாளி 34 டிகிரியில் குளிர்ந்து கிடந்தாலும் படம் அழகாகவே வரும். ஆகவே முதலில் வெப்பமானியைப் பாருங்கள், கால்சியத்தைப் பாருங்கள், அமிலத்தன்மையைப் பாருங்கள். இவை மூன்றையும் கவனிக்கச் சூடான காற்றுப் போர்வையும் ஒரு சிரிஞ்சுக் கால்சியமும் இரத்த வாயுப் பரிசோதனையும் போதும், எந்த மாவட்ட மருத்துவமனையிலும் தொடங்கலாம். இவையெல்லாம் சரியாகி, படமும் இயல்பாக இருந்து, இரத்தம் மட்டும் நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் எங்கேயோ ஒரு குழாய் திறந்திருக்கிறது என்று பொருள். அதை அறுவை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லும் உரிமை மயக்க மருத்துவருக்கு வேண்டும். நம் துறையில் இளையவர்கள் இதைச் சொல்ல இன்னமும் அஞ்சுகிறார்கள்.

டி.இ.ஜி. வாங்க முடியாத மருத்துவமனைகள் என்ன செய்வது? பி.டி. அனுப்பும் அதே சாம்பிளில் ஃபைப்ரினோஜனையும் கேளுங்கள். லேபோடு பேசி, அறுவை அரங்கிலிருந்து வரும் சாம்பிளுக்கு முன்னுரிமை பெறுங்கள். கிரையோவை உருக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று இரத்த வங்கியிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள். உருக்கிய பையைத் திரும்ப உறைய வைக்க முடியாது, சில மணி நேரத்தில் வீணாகிவிடும். எனவே ‘இருக்கட்டும்’ என்று சொல்லி வைக்கும் ஒவ்வொரு பையும் ஒருவர் தந்த இரத்தத்தின் ஒரு பகுதி குப்பைக்குப் போவதாக முடியலாம். எதை எப்போது ஏற்றுவது என்று அறுவை, மயக்கம், இரத்த வங்கி மூன்று துறையும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நள்ளிரவில் முடிவெடுப்பவர் பெரும்பாலும் பயிற்சி மருத்துவர்தான். அவருக்கு அந்தப் பக்கம் தேவை.

கடைசியாக வீட்டுக்குப் போகும் நாளைப் பற்றி. அறுவை அரங்கில் கசிவைப் பார்த்துக்கொண்டிருந்த நாம், கசிவு நின்றதும் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும். வயிற்றிலும் இடுப்புக் குழியிலும் புற்றுநோய் அறுவை செய்தவர்களுக்கு உறைதலைத் தடுக்கும் எனாக்ஸபாரின் ஊசியை ஒரு வாரத்தோடு நிறுத்தாமல் நான்கு வாரம் தொடர்ந்தபோது, கால் சிரைகளில் இரத்தக்கட்டி 12 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதமாகக் குறைந்ததை 2002இல் ஓர் ஆய்வு காட்டியது. டிஸ்சார்ஜ் சீட்டில் அந்த நான்கு வாரமும் எழுதப்பட்டிருக்கிறதா, ஊசியை வீட்டில் யார் போடுவார்கள், வாங்கப் பணம் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் இரத்த உறைவைக் கண்காணிப்பவரின் வேலைதான்.